ஐஸ் பெட்டியில் மேனேஜர்

"சாமி, செத்தவனத் திரும்பக் கூட்டியாந்தா பாவமுங்களா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"யாரு செத்தது?"

"நம்ம மேனேஜருங்க."

மடத்தைக் கூட்டிக்கொண்டிருந்த சாமி கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்தார்.

நாச்சிமுத்துவின் எண்ணெய் மில்லில் மேனேஜர் என்று மனிதர் யாரும் கிடையாது. பகல் முழுக்க மில் வாசலில் படுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் மேலும் கீழும் பார்த்து அனுப்பிய செவலை நாய் ஒன்று இருந்தது. ஊரார் அதற்கு வைத்த பேர் அது.

"எப்போங்க?"

"வெள்ளிக்கெழம. பதினாலு வயசு. தூக்கத்துலயே போயிட்டானுங்க."

சொல்லிவிட்டு நாச்சிமுத்து ஒரு சின்ன ஐஸ் பெட்டியைச் சாமியின் முன்னால் நகர்த்தினார்.

"இதுல என்னுங்க?"

"மேனேஜருங்க."

சாமி பெட்டியைப் பார்த்தார். ஒரு முயல்கூட உள்ளே அடங்காது.

"முழுசா இல்லீங்க. காதுல இருந்து துளித் தோலு. மாட்டாஸ்பத்திரி டாக்டரு எடுத்துக் குடுத்தாரு. வெளிநாட்டுல ஒரு கம்பெனி இருக்குதாமா. இத வெச்சு அச்சா அதே மாதிரி குட்டி போட வெச்சுருவாங்களாமா. அஞ்சு நாளுக்குள்ள போய்ச் சேரோணும், இன்னிக்கு நாலு நாளு ஆச்சு. ஒரு மணிக்குக் காரு எடுத்தாத்தான் கோயமுத்தூர்ல பிளேனப் புடிக்க முடியும். நீங்க இதுமேல துளி திருநீறு போட்டுக் குடுத்தா நான் கெளம்பிருவனுங்க."

மடத்துக் கடிகாரம் பன்னிரண்டேகால் காட்டியது. வாசலில் வேப்பமர நிழலில் கார் நின்றது. அதற்குள் கம்பெனி ஆள் ஒருவன் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தான்.

மரகதம் சாமி மடத்துக்கு வரும் முன் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். அங்கே பாடத்தை யாரும் கவனிக்கவில்லை. மடத்திலும் யாரும் கவனிப்பதில்லை. இங்கே கும்பிட்டுவிட்டுக் கவனிக்காமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான். நாச்சிமுத்துவைவிட இருபது வயது இளையவர். இருந்தாலும் பதினோரு வருடமாக நாச்சிமுத்துவுக்கு அவர்தான் சாமி.

"குட்டிய யாரு சொமப்பாங்க?" என்று கேட்டார் சாமி.

"அங்க ஏதாச்சும் ஒரு நாய்ங்க."

"ஒரு நாய் போதுமுங்களா?"

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். "ஒண்ணு தங்கறதுக்குள்ள பல கரு கலைஞ்சு போகுமாமா. பல நாய்க்கு வெச்சுப் பாப்பாங்களாமா. அதெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்கன்னு அந்தத் தம்பி சொல்லுச்சுங்க."

"மேனேஜரோட தாயி எதுங்க?"

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. "மில்லுல சாக்கு அட்டிக்குப் பின்னால குட்டி போட்டுச்சே, அந்தக் கருப்பிங்க! குட்டிகிட்டப் போனா வுடுமா? நாலு பேரக் கடிச்சு வெச்சுருச்சு. நானே பன்னெண்டு நாளு நொண்டுனனுங்க."

"இந்தக் குட்டிய எடுக்கையில அங்க சொமக்கற தாயி யாரக் கடிக்கும்?"

நாச்சிமுத்து காரைத் திரும்பிப் பார்த்தார். டை கட்டியவன் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். அவன் காலை யாரும் கடித்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கேள்வி நாச்சிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. அதனால் வேறு பக்கம் போனார்.

"நீங்க படிச்சவிய, சொல்லுங்க சாமி. அச்சா அதே மாதிரி வருமுங்களா?"

"செவலை வரும். மூக்கு, வாலு எல்லாம் பெரும்பாலும் அப்படியே வரும்."

"நுனி போன மூளிக் காது?"

"காது முழுசா வரும்."

"முழுசாவுங்களா?" நாச்சிமுத்து நிஜமாகவே திடுக்கிட்டார். முழுக் காதோடு மேனேஜரை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. யாரோ வெளியூர் நாய் மாதிரி இருந்தது.

"காது நுனி எப்படிப் போச்சுங்க?"

"இந்த மடத்துக்கு வந்தப்பத்தான் போச்சு. பொங்கலத் தூக்க வந்த கொரங்கோட சண்ட போட்டான். மறந்துட்டீங்களா?"

சாமி அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்து தரையில் எழுதினார். பாடம் நடத்திய பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. 'குரங்கு, ஒன்று.'

"வேற என்ன வேணுமுங்க?"

"நொண்டி நடக்கோணுமுங்க. எடது பின்னங்காலு. அவன் வர்ற சத்தம் எனக்கு உள்ள உக்காந்தாலே தெரியும். மூணு காலு சத்தம் கேக்கும், நாலாவது கேக்காது."

"அது எதனால?"

"நம்ம மில்லு லாரிதாங்க. பின்னால எடுக்கையில ஏத்திப்போட்டாங்க. ஆறு நாளு மடியிலயே வெச்சுருந்தனுங்க."

'லாரி, ஒன்று' என்று எழுதினார் சாமி. பிறகு கேட்டார்: "குட்டி வந்ததும் லாரிய நீங்க ஏத்தறீங்களா, நான் ஏத்தட்டுங்களா?"

"என்ன பேச்சுங்க சாமி இது!"

"எனக்கு லாரி ஓட்டத் தெரியாதுங்க. அதனால கேக்கறேன்."

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். சாமியிடம் வந்தது தப்பு, நேராக விமான நிலையத்துக்கே போயிருக்கலாம் என்று பட்டது. திருநீறு கேட்டால் திருநீறு கொடுக்கிற சாமிகள் காங்கேயத்தைச் சுற்றி எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

"வேற?" என்றார் சாமி, கரித்துண்டோடு.

"காதும் வேண்டாம், காலும் வேண்டாமுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்." நாச்சிமுத்துவின் குரல் இறங்கியது. "ஒரு மணியானா வந்து துண்டப் புடிச்சு இழுப்பானுங்க. ரண்டு இழு. எந்திரிக்கலீன்னா இன்னும் ரண்டு இழு. வாயத் தொறந்து கொலைக்கவே மாட்டான். ஊடு வரைக்கும் இழுத்துட்டுப் போயி எலைக்கு முன்னால உக்கார வெச்சாத்தான் வுடுவான்."

"யாரு பழக்குனது?"

"மயிலாத்தா."

சாமி எழுதவில்லை.

"என்ர ஊட்டுக்காரிக்கு நான் ஒரு மணிக்குச் சாப்பிட்டாகோணும். நான் மில்லுல கணக்குப் பாத்துட்டே உக்காந்துருவேன். இவனத்தான் அனுப்பிச்சு வுடுவா. கூட்டியாந்தா மொத உருண்ட அவனுக்குத்தான். கூப்புட்டு வந்தவனுக்குக் கூலிம்பா. அவ போயி நாலு வருசம் ஆச்சு. இவன் ஒரு நாளு தவறலீங்க. நானே பொங்கி, நானே போட்டு, மொத உருண்டயக் குடுப்பேன். இந்த நாலு நாளா உருண்ட உருட்டறேன். எலை ஓரத்துல அது அப்படியே கெடக்குது. அதப் பாத்துட்டு எந்திரிச்சர்றேன். ஒரு வாய் எறங்கல சாமி."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில் ஒரு நாய்க்காக அழுகிறோமே என்று வெட்கமும் வந்தது. அழுகை வெட்கத்தை மதிக்கவில்லை.

சாமி கரித்துண்டைத் தரையில் வைத்தார்.

"அவங்களையும் எழுதட்டுங்களா?"

"அதெப்படிங்க," என்றார் நாச்சிமுத்து. "அது கம்பெனியில செய்ய மாட்டாங்களே."

ஐஸ் பெட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் கசிந்து, 'குரங்கு' வரை வந்து நின்றது.

கடிகாரம் ஒரு மணி அடித்தது.

நாச்சிமுத்து பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "திருநீறு போட்டுக் குடுங்க சாமி. காரு நிக்குது."

சாமி எழுந்தார். திருநீற்றுத் தட்டுப் பக்கம் போகவில்லை. நாச்சிமுத்துவின் தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பிடித்தார்.

இரண்டு இழு இழுத்தார்.

நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை.

இன்னும் இரண்டு இழுத்தார்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை விடவும் இல்லை. நாச்சிமுத்து பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். துண்டின் ஒரு நுனி அவர் தோளிலும் மறு நுனி சாமியின் கையிலுமாக மடத்துச் சாப்பாட்டுக் கூடம் வரை போனார்கள்.

இலை போட்டிருந்தது. ரசம் சோறு. நாச்சிமுத்துவை உட்கார வைத்துவிட்டு, சாமி அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார்.

நாச்சிமுத்து பிசைந்தார். முதல் உருண்டையை உருட்டினார். கை பழக்கத்தில் இடப்பக்கம் நீண்டது.

நீட்டிய பிறகுதான் யாரிடம் நீட்டுகிறோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு கையை இழுக்கப் போனார்.

அதற்குள் சாமி இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"கூலி வந்துருச்சு," என்றார் மென்றுகொண்டே. "இனி நீங்க சாப்புடுங்க."

நாச்சிமுத்து அடுத்த உருண்டையை உருட்டித் தன் வாயில் போட்டுக்கொண்டார். அது இறங்கியது.

வெளியே கார் ஹாரன் விடாமல் அடித்தது.

நாச்சிமுத்து இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சத்தம் போட்டார்.

"தம்பி! ஐஸ் போனாப் போகுது. சோறு ஆறுது, வாங்க!"