வெளிச் சத்தம்

கஸ்பாருக்கு நினைவில் இருக்கும் முதல் சத்தம் ஒரு வானிலை அறிவிப்பு.

தூத்துக்குடியில், கடலுக்குப் பக்கத்துத் தெருவில், அவருக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. கல்லூரியில் இயற்பியல் படித்த அக்கா பெர்பெத்துவா, தாமிரக் கம்பியைக் குழாயில் சுற்றி, ஒரு டயோடைப் பற்றவைத்து, பாட்டரி இல்லாமல் பாடும் ரேடியோ ஒன்றைச் செய்திருந்தாள். அதற்கு ஒற்றைக் காதுக் குமிழ்தான். தம்பியின் காது சின்னது. குமிழ் விழுந்துவிடாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். எறும்பு பேசுவதுபோல இருந்தது.

"கேக்காலே?"

"கேக்கு."

அவள் இன்னும் அதைக் கேட்டிருக்கவில்லை. செய்து முடித்ததும் முதலில் அவன் காதில்தான் வைத்தாள்.

வெகுகாலம் கழித்து, துறைமுகத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அந்தச் சத்தத்தைத் தேடித்தான் கஸ்பார் நசீமாவிடம் போய்ச் சேர்ந்தார்.

நசீமா பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவள். வயதில் அவருக்கு மகள் போல. அவள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் கிடையாது. ஞாயிறு காலையில் சிலர் அங்கே கூடுவார்கள். பூவரச மரத்தைக் கடைந்து கிண்ணம் செய்வார்கள். கிண்ணத்துக்குள் ஒலி எழுப்பும் டிரைவரைப் பொருத்துவார்கள். ஹெட்போனைக் கடையில் வாங்காமல் கையால் செய்து கேட்பது அவர்களுடைய பித்து.

நசீமா அதிகம் பேசமாட்டாள். எந்த ஒயர் நல்ல ஒயர் என்று ஒருவர் கேட்டார். அவர் கண்ணைக் கட்டிவிட்டு, ஒயரை மாற்றி மாற்றிப் போடுவதாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகப் புகழ்ந்தார். கட்டை அவிழ்த்தபோது முதலில் போட்ட ஒயரே அப்படியே இருந்தது.

அன்றைக்குக் கஸ்பார் ஒரு குறையோடு வந்திருந்தார்.

"மேடம், இதுல வெளிச் சத்தம் உள்ள வருது."

தான் செய்த ஹெட்போனை மேசைமேல் வைத்தார். இரண்டு பூவரசக் கிண்ணங்கள். முதுகுப் பக்கம் மரம் இல்லை, கம்பி வலை மட்டும்.

பல்செட் செய்யும் பேச்சிமுத்து பக்கத்தில் உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஜன்னலைத் தொறந்து வச்சிட்டு கொசு வருதுங்கிய."

"நீ சும்மா இருடே."

"தொறந்த கிண்ணந்தான் வேணும், அதுலதான் குரல் மூச்சு விடும்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு? நானா?"

கஸ்பார் அவனைப் பார்க்கவில்லை. "முதுகுல ஒரு மூடி போட்டுரணும் மேடம். காத்து போகாத மூடி."

நசீமா ஹெட்போனை மாட்டி, மேசைமேல் இருந்த சின்ன பிளேயரில் சொருகிக் கொஞ்ச நேரம் கேட்டாள். கழற்றினாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கிய."

"பாட்டு நல்லா இருக்கு. வெளிச் சத்தந்தான்."

"எந்தச் சத்தம் வருது?"

"குக்கர் சத்தம். பைக். பக்கத்து வீட்டு நாய்."

"எந்தப் பாட்டு ஓடும்போது?"

"எல்லாப் பாட்டுக்கும்."

"ஒண்ணு சொல்லுங்க."

கஸ்பார் யோசித்தார். இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொண்டு, கோத்த விரல்களைப் பார்த்தார்.

பேச்சிமுத்து சிரித்தான். "அண்ணன் வெறும் ஹெட்போனைத்தான் மாட்டுதாரோ என்னவோ. தொப்பிக்குப் பதிலா."

கஸ்பாரின் கழுத்து சிவந்தது.

நசீமா அதைப் பார்த்துவிட்டாள். "பேச்சிமுத்து, டீ வாங்கிட்டு வாங்க."

"இப்பதானே குடிச்சோம் மேடம்?"

"நல்ல டீயா வாங்கிட்டு வாங்க."

அவன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனான். ஷெட்டில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

நசீமா ஒன்றும் கேட்கவில்லை. மரத்தூளைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். கேட்காமல் இருப்பவரிடம் பொய் சொல்வது கஷ்டம்.

"எதுவும் ஓடாது மேடம்," என்றார் கஸ்பார்.

"ம்."

"சும்மா மாட்டிக்கிட்டு இருப்பேன்."

"ம்."

"வீட்ல அக்கா இருக்கா."

அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். போன வருஷம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் காலமெல்லாம் பாடம் நடத்திய வாயில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. தம்பி. தண்ணீர் வேண்டுமென்றாலும் தம்பி. ஃபேனைக் கூட்டு என்றாலும் தம்பி. மழை வருகிறது பார் என்றாலும் தம்பி.

"பகல்ல செல்லக்கனின்னு ஒரு பொண்ணு வந்து பாத்துக்கிடும். சாயங்காலத்துக்கு மேல நான்தான். முதல்ல ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போவேன். என்னன்னு கேப்பேன். அவளுக்குச் சொல்லத் தெரியாது. தண்ணி குடுப்பேன், வாயை மூடிக்கிடுவா. போர்வையை இழுத்து விடுவேன், தள்ளி விட்டுருவா. தம்பி, தம்பின்னுவா. வந்து உக்காந்த உடனே மறுபடியும் தம்பி."

"ம்."

"ஒரு நாள் நிஜமாவே பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தேன். அவ கூப்பிட்டது கேக்கல. அவ ஹெட்போனைப் பாத்தா. பாத்துட்டு நிறுத்திக்கிட்டா."

அவர் மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னார்.

"அதுல இருந்து அவ கூப்பிட ஆரம்பிச்சா மாட்டிக்கிடுவேன்."

"பாட்டு போட வேண்டியதுதானே?"

"விழுந்து கிழுந்து வச்சா கேக்கணுமே மேடம். அதனால போடல."

"கேக்கவும் வேணும். கேக்காத மாதிரியும் இருக்கணும்."

கஸ்பார் தலையாட்டினார்.

"அப்ப இப்ப எதுக்கு மூடி?"

கஸ்பார் கம்பி வலையை விரலால் தடவினார்.

"ஒரு தடவை கூப்பிடுவா. நான் திரும்ப மாட்டேன். ரெண்டாவது தடவை கொஞ்சம் மெதுவா. கடைசியா ஒண்ணு வரும். கூப்பிடுத மாதிரியே இருக்காது. தனக்குத்தானே சொல்லிக்கிடுத மாதிரி. அது உள்ள வருது மேடம். தூங்கப் போனாலும் இருக்கு. அது கேக்காம இருந்தாப் போதும்."

நசீமா எழுந்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய், ஷெட்டின் அந்தக் கோடியில், காற்று எட்டாத மூலையில் போட்டாள்.

"இங்க உக்காருங்க சார்."

உட்கார்ந்தார்.

"நான் சொல்லாம எந்திரிக்கக் கூடாது. வலது கை உங்களுக்குக் கிடையாது. மேடம்னு ஒரு சொல்லு மட்டும் உண்டு. வேற சொல்லு கிடையாது."

"எதுக்கு மேடம்?"

"அதையும் மேடம்னுதான் கேக்கணும்."

அவர் சிரித்தார். நசீமா சிரிக்கவில்லை. பூவரசக் கிண்ணங்களைக் காதில் மாட்டிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பற்றவைக்கும் கோலை எடுத்து ஒரு பழைய பலகையில் வேலை செய்யத் தொடங்கினாள்.

மின்விசிறி அவள் பக்கம் திரும்பியிருந்தது. கஸ்பாருக்கு வேர்த்தது. புருவத்தில் நின்ற வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. ஃபேனை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினால் போதும்.

"மேடம்," என்றார், விளையாட்டாக.

அவள் திரும்பவில்லை.

"மேடம்."

ஈயம் உருகி ஒரு நூல் புகை எழுந்தது. அவள் அதை ஊதினாள்.

பாட்டு ஓடுகிறது போல என்று கஸ்பார் நினைத்துக்கொண்டார். பாட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது. அப்படி நினைத்தது ஆறுதலாக இருந்தது. கேட்டிருந்தால் திரும்பாமல் இருப்பாளா? தங்கமான பெண்.

"மேடம்," என்று சத்தமாகக் கூப்பிட்டார்.

தெருவில் போன ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நசீமாவின் தோள்கூட அசையவில்லை.

கஸ்பாருக்குக் கூச்சமாகிவிட்டது. நாலு பேர் நடக்கிற தெருவுக்குக் கேட்கும்படி ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டு, ஒரு மூலையில், ஒரு கையை மடியில் போட்டுக்கொண்டு. அடுத்த தடவை வாயைத் திறந்தபோது சத்தம் தானாகவே குறைந்துபோயிருந்தது.

"மேடம்."

அது கூப்பிடுவது மாதிரி இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி இருந்தது.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் கவிழ்த்தார். கவிழ்ந்த கண்ணுக்கு முதலில் அவள் செருப்பு தெரிந்தது. பிறகு மேசையிலிருந்து இறங்கிய ஒயர் தெரிந்தது. ஒயரின் முனையில் இருந்த ஜாக் எதிலும் சொருகப்படாமல், மரத்தூளில், தரையில் கிடந்தது.

கஸ்பார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு அவர் எழுந்தார். எழுந்துகொள்ளும்படி யாரும் சொல்லவில்லை.

"மேடம். அவ கண்ணு எப்பவும் கீழதான் இருக்கும்."

நசீமா திரும்பினாள். ஹெட்போனைக் கழற்றினாள்.

"கட்டில்ல சாஞ்சு இருப்பா. நான் கூடத்துல, எதுக்க, நாற்காலில. என் மூஞ்சைப் பாத்துக் கூப்பிடுவா. அப்புறம் தலை கீழ போயிரும். என் கால்கிட்ட, ஒயர் கெடக்குத எடத்தையே பாத்துக்கிட்டு இருப்பா. கழுத்து நிக்கலன்னு நெனச்சேன். டாக்டர்ட்டகூடச் சொன்னேன். கழுத்துக்கு ஒரு பட்டை எழுதிக் குடுத்தாரு."

"பட்டை போட்டியளா?"

"போட்டேன்."

நசீமா ஒயரைச் சுற்றி, ஹெட்போனோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தாள்.

"மூடி போடணுமா சார்?"

கஸ்பார் ஜாக்கில் ஒட்டியிருந்த மரத்தூளைத் துடைத்தார்.

பேச்சிமுத்து தூக்குவாளியோடு உள்ளே வந்தான். "என்ன அண்ணே, கொசு போச்சா?"

ஒருவரும் சிரிக்காததைப் பார்த்து வாளியை மெதுவாக இறக்கி வைத்தான். "டீ சூடா இருக்கு. ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

கஸ்பார் குடிக்காமல் கிளம்பினார். வழியெல்லாம் எதிரே வந்தவர்கள் தன் காதையே பார்ப்பதுபோல அவருக்கு இருந்தது.

வீட்டில் செல்லக்கனி வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா ஏதும் கூப்பிட்டாளா?"

"இல்லியே சார். ரெண்டு மூணு நாளாவே ஒரு சத்தமும் காணோம். நீங்க கவனிக்கலியா?"

அவர் கவனித்திருக்கவில்லை. ராத்திரி படுக்கையில் மனசுக்குள் கேட்ட சத்தத்தை அன்றன்றைய சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனார். அக்காவின் கழுத்திலிருந்த பட்டையை அவிழ்த்தார். பட்டை அழுத்திய இடத்தில் தோல் சிவந்து கன்றியிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஹெட்போனைத் தரையில் வைத்து, காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"அக்கா."

பெர்பெத்துவா நிமிர்ந்து பார்த்தாள். கழுத்து நன்றாகவே நின்றது.

"இங்கதான் இருக்கேன். எதுவும் மாட்டல. கூப்பிடு."

அவள் அவருடைய ஒரு காதைப் பார்த்தாள். மற்ற காதைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஒன்றும் தெரியாத மாணவன் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொள்வாளே, அவன் வெட்கப்படக் கூடாது என்று, அப்படி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு தடவை அக்கா."

அவள் உதடு சேர்ந்தே இருந்தது.

அதன்பிறகு தண்ணீர் வேண்டுமென்றால் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். அவர் எங்கே இருந்தாலும் ஓடிவந்துவிடுவார். அந்த ஒரு சொல் மட்டும் அவள் வாயில் மறுபடியும் வரவில்லை. அடுத்த தவக்காலத்தில் பெர்பெத்துவா இறந்துபோனாள்.