கோடியக்கரையிலிருந்து ஒரு குரல்

"கம்ப்யூட்டருக்கு விண்டோஸா, லினக்ஸா? முடிவா ஒன்னு சொல்லுங்க மேடம்" என்று கேட்டார் தணிகாசலம்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், சொந்த ரேடியோவில் ஊர் ஊராகப் பேசும் ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியவர். நாகப்பட்டினம் ஹாம் சங்கத்தில் அவருக்குப் பாடம் சொல்லித் தேர்வு எழுத வைத்தவள் ஜெசிந்தா. அவரைவிட இருபது வயது இளையவள்.

ஜெசிந்தா சங்கத்து அறையின் ஜன்னல் வழியே பார்த்தாள். மொட்டைமாடிக் கம்பத்துக்கும் தென்னைக்கும் நடுவில் கட்டிய ஏரியல் கம்பி காற்றில் ஆடியது.

"அந்த முடிச்சு தளர்ந்திருக்கு சார். இறுக்கிடுங்க."

சங்கத்தில் எல்லோரிடமும் கேட்டுவிட்டார். விண்டோஸ்காரர்கள், லினக்ஸ் வேலையில்லாதவனுக்கு என்றார்கள். லினக்ஸ்காரர்கள், விண்டோஸ் புயல் நேரத்தில் அப்டேட் போட உட்கார்ந்துவிடும் என்றார்கள்.

அவர் இரண்டையும் ஒரே கணினியில் ஏற்றினார். போடும்போதெல்லாம் எது வேண்டும் என்று அது கேட்கும். அவர் யோசிப்பார்.

பொண்ணு பார்க்கப் போனவர் இன்னும் வீடு திரும்பவில்லை என்று சங்கத்தில் சிரித்தார்கள்.

ஒரு நாள், அன்றிரவே புயல் கரையைக் கடக்கும் என்றார்கள். நாகப்பட்டினத்தில் மதியமே செல்போன் கோபுரங்கள் செத்துவிட்டன. புயல் முகாம்களிலிருந்து வரும் செய்தி இனி சங்கத்து ரேடியோ வழியாகத்தான்.

ஜெசிந்தா முதல் முறையாக அவரை ரேடியோ முன் உட்காரவைத்தாள். கீழே போய் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினாள்.

தணிகாசலம் ரேடியோவின் ஒலியை ஒயர் போட்டுக் கணினிக்குள் விட்டிருந்தார். அது இரைச்சலை வடிகட்டி ஹெட்போனுக்கு அனுப்பும்.

ஜெசிந்தா திரும்பி வந்தபோது அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை கறுப்பாக இருந்தது.

"ஏதாவது வந்துதா சார்?"

"கோடியக்கரை முகாம்னு நினைக்கிறேன். ரொம்ப மெல்லிசா ஒரு குரல். ஒரே இரைச்சல்."

"என்ன சொன்னாங்க?"

"லினக்ஸ்ல ஃபில்டர் இன்னும் நல்லா இருக்கும் மேடம். அதான் மாத்திட்டிருக்கேன். ரெண்டு நிமிஷம்."

"நான் அதைக் கேக்கலை. என்ன சொன்னாங்க?"



ஜெசிந்தா ரேடியோவின் பின்பக்கம் கைவிட்டு, கணினிக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினாள்.

ரேடியோவின் ஸ்பீக்கர் உயிர்த்தது. எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் இரைச்சல். அதற்குள் ஒரு மனிதன்.

இருவரும் குனிந்தார்கள்.

"...இன்சுலின். சின்னப் பொண்ணு. ஊசி மருந்து தண்ணியில போயிடுச்சு. இருட்டறதுக்குள்ள வேணும். ஓவர்."

ஜெசிந்தா கீழே நின்ற மருத்துவத் துறை ஜீப்பை அனுப்பச் சொல்லப் படியிறங்கி ஓடினாள்.

தணிகாசலம் மைக்கை எடுத்தார். செய்தியை ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். சரிதானா என்று கேட்டார்.

"ரோஜர், சரி. ரொம்ப நேரமா கூப்பிட்டுட்டிருக்கேன். அங்க ஆளே இல்லைன்னு நினைச்சேன். ஓவர்."

கணினியில் லினக்ஸ் வந்து, பாஸ்வேர்டு கேட்டு நின்றது.

தணிகாசலம் மைக் பொத்தானை அழுத்தினார்.

"இப்பதான் வந்தேன்" என்றார்.