காடைக்காரியின் புல்லாடை

வெகு காலத்துக்கு முன்னே, குறும்பொறை நாட்டை வயமான் என்றோர் அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம். மழை பெய்தால் வெயில் கேட்பான். வெயில் அடித்தால் மேகத்தின் மேல் கோபித்துக்கொள்வான்.

ஒரு பங்குனியில் அவன் மூன்று முறை வேட்டைக்குப் போய் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பினான். அவன் வில்லை எடுப்பதற்குள் மான்கள் மேட்டைத் தாண்டிவிடும். வேட்டைத் தலைவர் கச்சிராயர் ஏதாவது காரணம் சொல்லியாக வேண்டும். புல்வெளியின் ஓரத்தில் நாற்பது குடிசை போட்டிருந்த காடை பிடிப்பவர்களைக் கைகாட்டினார். அவர்கள் நடமாட்டத்தால்தான் மான் மிரள்கிறது, குடிசைகளைப் பிரித்துப்போட்டால் சரியாகிவிடும் என்றார். அரசனும் சரி என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் அந்தக் குடியிலிருந்து கொன்றி என்பவள் அவைக்கு வந்தாள். நடுவயதுக்காரி. அழவுமில்லை, காலில் விழவுமில்லை.

"ராசா, எங்களைப் பார்த்து மான் ஓடுவதில்லை. நாங்கள் அதன் கண்ணில் படுவதே இல்லை. உங்களைப் பார்த்துத்தான் ஓடுகிறது."

கச்சிராயர் சிரித்தார். "மறைந்திருப்பது பெரிய வித்தை, அரசே. அதை நாம் ஒரு காடைக்காரியிடம் படிக்க வேண்டுமாம்."

"நீங்கள் படிக்க நினைத்தாலும் உங்கள் மோதிரங்கள் விடாது, ஐயா. எங்கள் குடிசையிலிருந்தே அவை மின்னுவது தெரிகிறது" என்றாள் கொன்றி.

அரசனுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. உடனே ஒரு போட்டி வைத்தான். ஏழு நாளில் இருவரும் தங்கள் கையாலோ ஆள் வைத்தோ ஆளுக்கொரு மறைவுடை செய்துகொள்ள வேண்டும். எட்டாம் நாள் அதைப் போட்டுக்கொண்டு புல்வெளியில் ஒளிய வேண்டும். பொழுது சாய்வதற்குள் கண்ணில் பட்டால் தோல்வி. கொன்றி தோற்றால் குடிசைகள் போகும். கச்சிராயர் தோற்றால் பட்டம் போகும்.

கொன்றி ஒன்றே ஒன்று கேட்டாள். அன்று நடுப்பகலில் அரண்மனைத் தாம்பூல மரியாதையைப் புல்வெளியிலேயே, வழக்கப்படி, ஒரு குறையும் இல்லாமல் நடத்த வேண்டும் என்றாள்.

அந்த மரியாதை நாடறிந்தது. தினமும் அரசன் தன் கையால் வெற்றிலை கொடுப்பான். முதல் வெற்றிலை கச்சிராயருக்கு. அடுத்தது பண்டாரத் தலைவர் ஏனாதிக்கு. மூன்று முறை அழைத்தும் ஒருவர் வராவிட்டால் அவருடைய வரிசை அடுத்தவருக்குப் போய்விடும், பிறகு திரும்பாது. வெற்றிலைப் பிரியனான அரசன் தடை சொல்லவில்லை.

கச்சிராயர் பத்துத் தையற்காரர்களை உட்காரவைத்தார். பச்சைப் பட்டில் இலை இலையாகப் பின்னல் வேலை. உண்மையைச் சொன்னால், அது நல்ல உடைதான். குளக்கரையில் பச்சை மாறாமல் நின்ற சங்கஞ்செடி முட்புதருக்குள் அவர் போய் உட்கார்ந்ததும், தைத்தவர்களுக்கே அவரைத் தெரியவில்லை.

கொன்றி கிழிந்த காடை வலை ஒன்றை எடுத்து, பழஞ்சீலையின் மேல் வைத்துத் தைத்தாள். கற்றாழை நாரைப் பிரித்து, ஒரு பங்கைச் சேற்றிலும் ஒரு பங்கை ஆவாரம்பட்டைச் சாற்றிலும் ஊறவைத்தாள். ஒரு பங்கை அப்படியே விட்டாள். காய்ந்த நாரைக் கொத்துக் கொத்தாக வலைக்கண்ணில் முடிந்தாள், ஒன்று நீளம், ஒன்று குட்டை. முதுகில் அடர்த்தியாக, வயிற்றில் ஒன்றுமில்லாமல், தவழ வேண்டுமே. தலையின் உருண்டை தெரியாதபடி முக்காட்டை மட்டும் கலைத்துக் கலைத்து முடிந்தாள். பாதி வலைக்கண்களைக் காலியாக விட்டாள். எட்டாம் நாள் விடியலில், தான் படுக்கப்போகும் இடத்துப் புல்லையே பறித்து அவற்றில் செருகினாள். முகத்தில் சேற்றைக் கோடு கோடாகப் பூசிக்கொண்டு படுத்தாள்.

அரசனும் இருபது வீரர்களும் காலை முழுதும் தேடினார்கள். ஒருவரும் அகப்படவில்லை. வியர்த்துப்போன அரசன் மேலாடையைக் கழற்றி ஒரு புற்குவியலின் மேல் உலரப்போட்டான்.

நடுப்பகலில் வெற்றிலைத் தட்டு வந்தது. கட்டியக்காரன் கச்சிராயரின் பெயரை அழைத்தான். குளத்து நீர் அசையவில்லை. இரண்டாம் முறை அழைத்தான். புதர் லேசாக நடுங்கியது. காற்று என்று நினைத்தார்கள். மூன்றாம் முறை அழைப்பதற்குள் ஏனாதி எழுந்து அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, மெல்லச் சிரித்தபடி ஓர் அடி முன்னே வைத்தார்.

"அது என் வெற்றிலை, ஏனாதி! கையை எடும்!"

தலையெல்லாம் சங்க இலையும் முள்ளுமாகக் கச்சிராயர் புதரைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தார். வெற்றிலையை வாங்கிய பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு விளங்கியது.

"வெற்றிலை உமதுதான்" என்றான் அரசன். "பட்டம்தான் இனி உமதில்லை."

பிறகு கொன்றியைத் தேடினார்கள். அரசன் பெயர் சொல்லி அழைத்தான், புகழ்ந்தான், திட்டினான், முதல் வெற்றிலையே தருகிறேன் என்றான். புல் மேல் காற்றுப் போய்வந்தது. பொழுது சாய்ந்ததும், "நீ வென்றாய். குடிசைகளும் இந்த வெளியும் உங்களுடையவை. வா" என்றான்.

அவன் மேலாடை காய்ந்துகொண்டிருந்த புல் எழுந்து நின்றது. கொன்றி ஆடையை மடித்து அவனிடம் நீட்டினாள்.

"இத்தனை முறை கூப்பிட்டேனே. ஒரு முறைகூட உனக்கு எழுந்துவரத் தோன்றவில்லையா?"

"எங்களை யாரும் கூப்பிட்டுப் பழக்கமில்லை, ராசா."

அரசன் அந்த வெளியைச் செப்பேட்டில் எழுதிக்கொடுக்கச் சொன்னான். தனக்கும் அப்படி ஓர் உடை வேண்டும் என்று கேட்டான்.

"தைத்துத் தருகிறேன். ஆனால் அதைப் போட்டால் ஒருவரும் கும்பிட மாட்டார்கள்" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். அடுத்த வாரம் தனியாக வந்து, அந்த உடையில் புல்லோடு புல்லாகப் படுத்தான். ஒரு காடை தன் குஞ்சுகளோடு அவன் கைவிரல்களைத் தாண்டிப் போனது. விறகு சுமந்த பெண்கள் இருவர் கீரை விலையையும் மருமகளையும் பேசிக்கொண்டே கடந்தார்கள். தன் பெயர் வரும் என்று காது கொடுத்துக் கேட்டான், வரவில்லை. மேட்டின் மேல் மான்கள் வந்து மேய்ந்துவிட்டுப் போயின.

வில் பக்கத்தில்தான் கிடந்தது. அவன் தொடவில்லை. அரசன் இல்லாத தன் நாட்டை அவன் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.