வயித்துக்குள்ள துண்டு போட்டவங்க

ஒரு ஊர்ல ஒரு பலாப்பழம். யாரும் பறிக்காம தொப்புன்னு விழுந்து அழுகிப்போச்சு. நமக்குத்தான் அது அழுகல், நெளியம்மாவுக்கு அதான் ஊரே. நெளியம்மா யாருன்னா, நூல் துணுக்கு மாதிரி ஒரு புழு. வயித்துல முப்பது முட்டை. அதை நல்லபடியா போட்டுறணும், அவளுக்கு அந்த ஒரே கவலைதான். ம் சொல்லுடி, அப்பத்தான் சொல்லுவேன்.

ம்.

அவ திங்கிறது கிருமிங்களை. தொண்டையில குட்டியா ஒரு கிரைண்டர், கரக் கரக்னு அரைச்சுத் தள்ளிரும். அதுல தப்பிச்சவன் குடலுக்குள்ள போய், நாம பஸ்ல போடுவோமே, அந்த மாதிரி துண்டு போட்டு இடம் பிடிச்சுக்குவான். அப்படிச் சேர்ந்தவன்லாம் சாது. திம்பான், கொர்ர்னு தூங்குவான். ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டான்.

அப்போ ஒருநாள் போக்கிரிக் கிருமிங்க அஞ்சாறு பேரு வாலை முறுக்கிக்கிட்டு உள்ள வந்தாங்க. "இடம் இருக்கா?"

"ஆள் வருது"ன்னான் ஒரு சாது, கண்ணையே திறக்காம.

மறுநாளும் வந்தாங்க. "ஆள் வருது." மூணாம் நாள் நேரா நெளியம்மாவையே பிடிச்சாங்க. "அம்மா, உங்க தகுதிக்கு இந்தச் சோம்பேறிங்களா? எங்களுக்கு இடம் குடுங்க, உங்க வயித்தை மாளிகையாக்கிக் காட்டுறோம்!"

நெளியம்மாவுக்கு உச்சி குளிர்ந்து போச்சு. வயித்தைக் காலி பண்ணணும்னு கீழ கிடந்த வேப்பங்கொட்டையைப் போய் நக்குனா. கடமுடா கடமுடா! சாதுங்க அத்தனை பேரும் துண்டோட வெளிய.

அப்புறம் போக்கிரிங்க வேலையை ஆரம்பிச்சாங்க. சுறுசுறுப்புன்னா அப்படி ஒரு சுறுசுறுப்பு! ஒருத்தன் நாலாகுறான், நாலு நானூறாகுது. ஒருத்தன் சுவத்தைச் சுரண்டுறான், ஒருத்தன் ஓட்டை போடுறான். நெளியம்மா வெளுத்துப் போனா. முட்டை ஒண்ணொண்ணா சுருங்குது. "ஐயோ, என் பிள்ளைங்க"ன்னு அழுதா பாரு, எனக்கே மனசு தாங்கலை.

ம்.

அழுதுக்கிட்டே சாதுங்ககிட்டப் போனா. "வந்துருங்கப்பா."

"நடக்கணுமா?"ன்னான் ஒருத்தன்.

"வேணாம் சாமி, வாயைத் திறக்குறேன்."

கிரைண்டரை மெதுவா ஓடவிட்டு மளக்னு ஒரு முழுங்கு. குடல்ல கால்வாசி நிறைஞ்சுது. இன்னொரு மளக், பாதி. மூணாவது மளக்குக்கு எங்க பார்த்தாலும் துண்டு! போக்கிரிங்களுக்கு ஒட்ட இடமில்லை, திங்க மிச்சமில்லை. சரசரன்னு வெளிய போயிட்டாங்க. முட்டையில பதினெட்டு பிழைச்சுது. மிச்சம் பன்னெண்டு போனது போனதுதான்.

ஆனா மூலையில ரெண்டு போக்கிரிங்க மட்டும் ஒட்டிக்கிட்டு நின்னாங்க. சும்மா நின்னாங்களா? "நெளியம்மாவைக் காப்பாத்தினது நாங்கதான்!"னு ஒரே கோஷம். சாதுங்க எதிர்த்துக் கேட்டாங்களா? கொர்ர்ர்.

அதைக் கேட்டுட்டு பக்கத்துச் சுளையில இருந்து வளைவம்மான்னு இன்னொரு புழு ஓடி வந்தா. "அக்கா, உங்க வயித்துல பெரிய மனுஷங்க இருக்காங்களாமே! எனக்கும் ரெண்டு பேரை அனுப்புங்களேன்."

"வேணாம் தங்கச்சி. ரெண்டு சோம்பேறி தர்றேன், கூட்டிட்டுப் போ."

"எனக்குச் சோம்பேறியா? நான் நல்லா இருந்துறக் கூடாதுன்னு எவ்வளவு பொறாமை!" முகத்தை வெட்டிக்கிட்டுப் போயிட்டா.

அவ்ளோதான் கதை. என்னது, வளைவம்மா என்ன ஆனாளா? வேப்பங்கொட்டை தேடிக்கிட்டிருக்கா. நீ ஒரு வேலையும் பார்க்காம கண்ணை மூடிக் கிட.