மலை விழுங்கிய செம்பு

மேகம் மலையைக் கேட்டுக்கொண்டு பெய்த காலத்திலே, குளிர்வெற்பு நாட்டைக் கோடைமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் ஒருவனுக்குப் பல்லக்குக் கொடுப்பான், மத்தியானம் அவனையே பல்லக்குத் தூக்கச் சொல்வான். அவனிடம் தலை தப்பி நிலைத்த மந்திரி திருமலைக்கொழுந்து ஒருத்தர்தான். அந்தப் பதவிமேல் கண்ணாக இருந்தவர் பட்டாபிராயர். மலைச்சரிவில் செம்பு உருக்கும் உலை வைத்திருந்தார்.

ஒருநாள் மலைக்குடித் தலைவன் மல்லன் ஒரு மண்மூட்டையோடு சபைக்கு வந்து அழுதான். உலைப்புகை படிந்த சரிவில் மேய்ந்த செம்மறிகள் வரிசையாகச் சாகின்றன, இதுதான் அந்த மண் என்றான்.

ராயர் சிரித்தார். மலையடிச் சுனைத் தண்ணீரைக் கிண்ணத்தில் வரவழைத்து மடக்மடக்கென்று குடித்தார். “புகையில் விஷமிருந்தால் மழை கழுவிச் சுனைக்குத்தானே கொண்டுவரும், மகாராஜா? குத்துக்கல்லாட்டம் நிற்கிறேனே!”

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பொய் சொன்ன மல்லனும் அவன் ஜனமும் விடிவதற்குள் மலையைவிட்டு இறங்கவேண்டும் என்று உத்தரவு போட்டான்.

 ஆனால் மந்திரியின் கண் அந்தக் கிண்ணத்திலேயே இருந்தது. தண்ணீர் சுத்தமாக வந்துவிட்டது, சரி. புகையில் வந்த விஷம் எங்கே தங்கியது? அவருக்குள் ஏதோ துள்ளியது.

அடியில் ஓட்டை போட்ட இரண்டு பானைகளைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்றில் ஆற்றுமணல், ஒன்றில் அதே மலையின் கறுப்பு மண். செம்பிலிருந்து எடுக்கும் நீல உப்பான மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து, இரண்டிலும் ஊற்றினார். மணலிலிருந்து மயில்கழுத்து நீலம் அப்படியே சொட்டியது. மலைமண்ணிலிருந்து இளநீர் மாதிரித் தெளிந்த நீர் சொட்டியது.

ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கிவந்து பானைமுன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். “நீலம் எங்கேய்யா போச்சு? இன்னும் ஊற்றும்.”

ராயர் முந்திக்கொண்டார். “மலையே விஷத்தைத் தின்று தீர்த்துவிட்டது, மகாராஜா. இனித் தோண்டினாலும் கிடைக்காது.”

“கிடைக்காதா ராயரே? பார்ப்போம்,” என்றார் மந்திரி.

மல்லனின் மண்ணைப் புளித்த கஞ்சிக் காடியில் ஊறவைத்து வடித்தார். ராஜாவின் இரும்புக் குறுவாளைக் கேட்டு வாங்கி அதில் முக்கினார். சபையில் ஒருவரும் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. வெளியே எடுத்தபோது வாள் நெடுகச் சிவந்திருந்தது. ராஜா தேய்த்துப் பார்த்தான். செம்பேதான்.

“தண்ணீரை விட்டுவிட்டுச் செம்பைப் பிடித்துவைக்கிற மண் இது, மகாராஜா. வருஷா வருஷம் சேர்கிறது. புல் அதை உறிஞ்சுகிறது, ஆடு புல்லைத் தின்கிறது.”

ராஜா விழுந்துவிழுந்து சிரித்தான். “மந்திரிப் பதவி கேட்டீரே ராயரே, உம்ம உலையே உம்மைக் காட்டிக்கொடுத்திருச்சே.” தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். மல்லன் ஜனம் மலையைவிட்டு இறங்கவேண்டாம், ராயர் இன்றே உலையை அணைத்து, சரிவு மண்ணைத் தன் கையாலேயே சுரண்டி அள்ளவேண்டும் என்றான். ராயர் தலை நிமிராமல் வெளியேறினார்.

மல்லன் மெதுவாகக் கேட்டான்: “சாமி, அடுத்த மழைக்கு அங்கே மேய்க்கலாமா?”

மந்திரி அவன் தோளைத் தொட்டார். “இல்லையப்பா. மேல்மண்ணை அள்ளினாலும், அடிமண் பிடித்த செம்பை உன் பேரன் காலத்திலும் விடாது.”

 ராஜா மீசையை நீவினான். “தெற்கே என் வேட்டைக்காட்டுச் சரிவு சும்மாதானே கிடக்கு? ஆடுகளை அங்கே ஓட்டிப் போ. எனக்கு மனசு மாறுவதற்குள் போ.”

மல்லன் கும்பிடக்கூட நிற்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தான்.