பாம்படத்துக்கு வெள்ளோட்டம்

கருமலை ராஜா சிவஞானப் பூபதிக்குப் பழசு என்றால் உயிர். புது வேட்டியைக்கூட நாலு தடவை வெளுக்கப் போட்டு, பழுப்பேறிய பிறகுதான் கட்டுவார். அப்பேர்ப்பட்டவர் கையில் ஒருநாள் கொள்ளுப்பாட்டி காதில் தொங்கிய பாம்படம் சிக்கியது. சிக்கியது பாம்படமா, மகாராணியின் காதா என்பதுதான் கதை.

ஒவ்வொன்றும் விளாங்காய் கனம். பொக்கிஷக் காவலர் நெல்லைநாயகம் அதை ஏந்திக்கொண்டு உருகினார்.

"ஆகா! அந்தக் காலத்து ராணிகளுக்குக் காது தோளைத் தொடும், மகாராஜா. இப்போது பருப்பளவு தோட்டை ஒட்டிக்கொண்டு அதையும் நகை என்கிறார்கள்!"

ராஜாவுக்கு அது போதும். "தைப்பூசத்துக்கு நாற்பது நாள் இருக்கிறது. அன்று மகாராணி இந்தப் பாம்படத்தோடுதான் பல்லக்கில் ஏற வேண்டும்."

காது வளர்க்கும் பேராச்சி நடுங்கிப்போனாள். "பச்சப்பிள்ளையில காது குத்தி, பஞ்சு வெச்சு, ஈயக்குணுக்கு மாட்டி, வருசக்கணக்கா வளக்கணும் மகாராசா. நாப்பது நாள்ல இழுத்தா காது அறுந்துரும்."

"ஈயத்தைக் கூட்டு!" என்றார் ராஜா.

மகாராணி குழல்வாய்மொழிக்குக் காதில் இருந்ததோ ஊசித் துளை. அழுதுகொண்டே அரண்மனை விகடர் மயிலேறும்பெருமாளுக்கு ஆளனுப்பினார். "அண்ணாச்சி, என் காதைக் காப்பாத்துங்க."

மறுநாள் சபையில் பெருமாள் ராஜாவை மிஞ்சி உருகினார். "அருமையான உத்தரவு, மகாராஜா! ஆனால் பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது."

"என்ன வழக்கம்?" ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெகுநாள் நின்ற தேரை வெள்ளோட்டம் விடாமல் சுவாமியை ஏற்றுவோமா? இந்தப் பாம்படம் அறுபது வருஷமாகப் பெட்டிக்குள் நின்றிருக்கிறதே!"

"அதானே! ஓட்டிவிடுவோம். யார் காதில்?"

"காது குத்தியிருக்க வேண்டும். பழைய நகையின் அருமை தெரிந்தவராகவும் இருக்க வேண்டும்." பெருமாள் மெல்லத் திரும்பினார். நெல்லைநாயகம் தூணுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

கடுக்கன் கழன்றது. தட்டான் பொற்கம்பியில் கொக்கி வளைத்துப் பாம்படத்தை மாட்டினான். நாலு ரதவீதியும் சுற்றி வர ஏற்பாடு. ராஜா பல்லக்கில் கூடவே வந்தார்.

கீழவீதியில் நெல்லைநாயகம் சிரித்தார். தெற்குவீதியில் தலை தொங்கியது. மேலவீதியில் இரண்டு கையாலும் பாம்படத்தைத் தாங்கிக்கொண்டு நடந்தார்.

"எப்படி இருக்கிறது?" என்றார் ராஜா.

"பரமசுகம், மகாராஜா."

"கண்ணீர் வருகிறதே?"

"ஆனந்தக் கண்ணீர்," என்றார் பெருமாள், அவரை முந்திக்கொண்டு. "இவ்வளவு சுகப்படுகிறவரிடமிருந்து அதைக் கழற்றுவது பாவம், மகாராஜா. தைப்பூசம் வரைக்கும் இவரே போட்டிருக்கட்டும்."

நெல்லைநாயகம் தொப்பென்று நடுவீதியில் உட்கார்ந்துவிட்டார். "மகாராஜா, காது போகுது! உங்களுக்குப் பிடிக்குமேன்னு சொல்லிப்புட்டேன். எங்க ஆச்சிக்கே பாம்படம்னா ஆகாது!"

ராஜாவின் கை தன்னையறியாமல் தன் காதுக்குப் போயிற்று. "சரி, மகாராணியின் தோடு இருந்தபடியே இருக்கட்டும்," என்றார் கடைசியில். பிறகு குரல் இறங்கியது. "ஆனால் பெருமாள், இவ்வளவு அழகான நகை மறுபடியும் பெட்டிக்குள்ளேயா கிடக்க வேண்டும்?"

"எதற்கு? கோயில் மண்டபத்தில் உங்கள் கொள்ளுப்பாட்டியார் சிலையாக நிற்கிறாரே! சிற்பி தோள்வரைக்கும் காது வடித்து, துளையும் போட்டு வைத்திருக்கிறான். அங்கே மாட்டிவிடுவோம்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தன் கைக்கடகத்தைக் கழற்றிப் பெருமாளுக்கே போட்டுவிட்டார்.

"கல்லுக்குப் போய் மாட்டச் சொல்கிறீரே, ஓய்! அதற்கு இதன் அருமை தெரியுமா?"

"தெரியாதுதான், மகாராஜா. ஆனால் கனத்தால் அதற்கு வலிக்காது. வலித்தாலும் சுகம் என்று உங்களிடம் பொய் சொல்லாது."