கொட்டாங்குச்சிப் பள்ளிக்கூடம்

"அம்மா, என் மகளுக்கு முழுச் சுதந்திரம் குடுத்தேன். அதை வச்சு என்ன செய்யிறா தெரியுமா?" என்றான் செழியன்.

அவனுடைய குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவனைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் அவன் அம்மா என்றுதான் அழைப்பான்.

"என்ன செய்யிறா?"

"பள்ளிக்கூட விளையாட்டு விளையாடுறா."

குரு சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்கம்மா. ஒண்ணாங்கிளாஸோட பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டேன். மணி கிடையாது, பரீட்சை கிடையாது. நான் பகல் முழுக்கக் கூடவே இருக்கேன். எறும்பைப் பார்த்தா எறும்பைப் பத்திச் சொல்லித்தரேன். மழை பெஞ்சா மழையைப் பத்தி."

"எறும்பு என்ன சொல்லுச்சு?"

"எறும்பா?"

குரு இன்னொரு கட்டுக் கீரையை எடுத்தார்.

செழியனின் குரல் தணிந்தது. "என் மனைவிக்குப் பொறுமை போயிடுச்சு. அவ அண்ணன் ஊர்ல, ஒரு விடுதிப் பள்ளியில இடம் சொல்லி வச்சிருக்காங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். ஏழு வயசுக் குழந்தைம்மா. அனுப்ப மனசு வரல. வச்சிருக்கவும் பயமா இருக்கு."

"எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம்?"

"விடுதியிலயா?"

"உங்க மக நடத்துறது."

அவர்கள் செழியனின் வீட்டுக்கு வந்தபோது வகுப்பு தொடங்கியிருந்தது.

கொல்லையில், முருங்கை நிழலில், கொட்டாங்குச்சிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எதிரில் செழியனின் மகள் அங்கவை, கையில் ஒரு வேப்பங்குச்சியோடு.

குரு வாசலில் நின்றார். வாசல் என்பது தரையில் கிடந்த ஒரு மூங்கில் கழி.

"உள்ளே வரலாமா டீச்சர்?"

"ஏன் லேட்டு?"

"பஸ் லேட்டு டீச்சர்."

"பஸ் லேட்டுன்னா அதுக்கு முந்தின பஸ்ல வரணும். போய் உக்காரு."

குரு கடைசிக் கொட்டாங்குச்சிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். செழியன் அங்கவைக்கு அருகில் போய் நின்றான்.

அங்கவை முதல் கொட்டாங்குச்சியைப் பார்த்தாள். "எட்டும் ஆறும் எவ்வளவு?"

கொல்லை அமைதியாக இருந்தது. ஒரு அணில் மதிலில் ஓடியது.

"பதினாலு," என்றான் செழியன்.

அங்கவை திரும்பினாள். "உங்களையா கேட்டேன்?"

"இல்லம்மா, அது பேசாதுல்ல. அதான்…"

"அது யோசிக்குது!"

கடைசி வரிசையிலிருந்து குரு கையைத் தூக்கினார். "டீச்சர், இவர் சொல்லிக்குடுக்குறார்."

"கையைக் கீழே போடு. எனக்குத் தெரியும்." அங்கவை குச்சியை அப்பாவை நோக்கி நீட்டினாள். "அப்பா அம்மால்லாம் கேட்டுக்கு வெளிய."

"நான் சும்மா பார்த்துக்கிட்டு…"

"வெளிய."

செழியன் கழியைத் தாண்டினான். முகம் சிவந்துவிட்டது. குருவைப் பார்த்துச் சொன்னான்: "பதில் கிடைச்சிருச்சும்மா. நான் இவளுக்கு வேண்டாதவன். விடுதிக்கே போகட்டும்."

குரு பேசவில்லை. டீச்சர் கையைக் கீழே போடச் சொல்லியிருந்தார்.

அவன் வீட்டை நோக்கி நடந்தான்.

"அப்பா! எங்க போறீங்க?"

"நீதானே போகச் சொன்ன?"

"கேட்டுக்கு வெளியன்னுதானே சொன்னேன்? வீட்டுக்கா போகச் சொன்னேன்?" அங்கவையின் குரலில் டீச்சர் இல்லை. "பெல் அடிச்சதும் நான் ஓடி வருவேன்ல. அப்ப நீங்க இல்லன்னா?"

செழியன் திரும்பி வந்தான். கழிக்கு வெளியே நின்றான்.

அங்கவை முதல் கொட்டாங்குச்சியின் முன் குனிந்தாள். "அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லு."

பதினாலு அவன் தொண்டை வரை வந்தது. விழுங்கினான்.

சமையலறைக் கதவு திறந்தது. அவன் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அண்ணன் ஃபோன்ல இருக்கார். விடுதிக்கு என்ன சொல்லட்டும்?"

"வேண்டாம்னு சொல்லிடு," என்றான் செழியன். "மெதுவாப் பேசு. பாடம் நடக்குது."